செக்யூரிட்டி ஆர்கிடெக்ட் வேலையில் என்னதான் செய்வார்கள்?

கேள்வி: எனக்கு வயது 32. கோவையில் ஒரு ஐடி சேவை நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் மூன்று வருடம் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ், அடுத்த ஐந்து வருடம் ஃபயர்வாலும் விபிஎன்னும். எங்கள் பிரிவில் செக்யூரிட்டி ஆர்கிடெக்ட் இடம் ஒன்று வருகிறது, எடுத்துக்கொள்கிறாயா என்று மேலாளர் கேட்கிறார். விளம்பரங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். இன்ஜினியருக்கும் ஆர்கிடெக்ட்டுக்கும் சம்பளத்தைத் தவிர என்ன வித்தியாசம்? புரோகிராமிங் கட்டாயமா? எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்? நாள் முழுக்க மீட்டிங்கிலேயே போய்விடுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வித்தியாசத்தை உங்களிடம் தினமும் வரும் ஒரு டிக்கெட்டை வைத்தே சொல்லிவிடலாம். "வெப் சர்வரிலிருந்து டேட்டாபேஸ் சர்வருக்கு 1433 போர்ட்டைத் திறக்கவும்." போர்ட் என்பது சர்வரில் ஒரு சேவைக்கான வாசல் எண். இன்ஜினியராக நீங்கள் என்ன பார்ப்பீர்கள்? ஒப்புதல் இருக்கிறதா, ஐபி முகவரி சரியா, எத்தனை மணிக்குச் செய்வது, ஏதாவது உடைந்தால் எப்படித் திரும்ப எடுப்பது. எல்லாம் சரியான கேள்விகள்தான். அதே டிக்கெட்டை ஆர்கிடெக்ட் வேறு விதமாகப் படிப்பார். வெளியுலகைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வெப் சர்வர் ஏன் டேட்டாபேஸோடு நேராகப் பேச வேண்டும்? அந்த டேட்டாபேஸில் யாருடைய தகவல் இருக்கிறது? எந்தக் கணக்கில் உள்ளே நுழைகிறது, அந்தக் கணக்குக்கு என்னென்ன உரிமை? நாளைக்கே வெப் சர்வர் ஒருவன் கையில் சிக்கினால் அவன் எதுவரை போக முடியும், போனது நமக்கு எத்தனை மணி நேரத்தில் தெரியும்?

கடைசிக் கேள்வியில்தான் வேலையே இருக்கிறது. எதை எவ்வளவு நம்புவது, நம்பிய இடம் ஏமாற்றினால் சேதம் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்த முடிவை எழுத்தில் வைப்பதுதான் ஆர்கிடெக்ட்டின் பொறுப்பு. படம் வரைவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு திட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துக்கொண்டால் தெளிவாகும். வங்கியல்லாத நிதி நிறுவனம் ஒன்று மொபைலில் தனிநபர் கடன் கொடுக்கும் ஆப் கொண்டுவரப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆப், அதன் பின்னால் ஏபிஐ (ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசல்), வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்கு ஒரு வெண்டர், கடன் மதிப்பெண் தரும் நிறுவனம், பணம் அனுப்பக் கூட்டு வங்கி, வசூலுக்கு வெளி ஏஜென்சி, ஒரு கால் சென்டர். ஆறு மாதத்தில் வெளியிட வேண்டும்.

முதல் வாரத்தில் ஆர்கிடெக்ட் செய்வது பெரும்பாலும் கேள்வி கேட்பதுதான். என்ன தகவல் வாங்குகிறோம், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்போம்? இங்கே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் வாங்காத தகவல் கசியாது. ஃபோனின் காண்டாக்ட் லிஸ்ட்டையும் கால் லாக்கையும் கடன் ஆப்கள் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளே சொல்கின்றன. தகவலை இந்தியாவில் உள்ள சர்வரில்தான் வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆதார் எண்ணைச் சேமித்தே தீர வேண்டிய நிறுவனம் என்றால், அதைத் தனியான ஆதார் பெட்டகத்தில் பூட்டிவிட்டு மற்ற எல்லா இடத்திலும் ஒரு மாற்று எண்ணைத்தான் புழங்கவிட வேண்டும். பூட்டும் சாவி எச்எஸ்எம் என்ற தனிக் கருவிக்குள் இருக்க வேண்டும். ஆதார் ஆணையம் 2017-லேயே சொன்ன ஏற்பாடு இது. இதைச் சேமிக்காமலே வேலை நடக்குமா என்ற கேள்வியை அந்த அறையில் கேட்க வேண்டியவர் ஆர்கிடெக்ட். வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது டேட்டா ஃப்ளோ படம். இதற்கு அழகான சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், வெள்ளைப் பலகை போதும். எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டு, நம்பிக்கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் குறுக்கே ஒரு கோடு. வாடிக்கையாளரின் ஃபோனுக்கும் ஏபிஐக்கும் நடுவில் ஒரு கோடு, நமக்கும் வெண்டருக்கும் நடுவில் ஒன்று, கடனுக்கு ஒப்புதல் தரும் பகுதிக்கும் பணம் அனுப்பும் பகுதிக்கும் நடுவில் ஒன்று. ஒவ்வொரு கோட்டிலும் நின்று ஆறு கேள்வி கேட்பார்கள்: இங்கே ஆள் மாறாட்டம் நடக்குமா, தகவலைத் திருத்த முடியுமா, செய்துவிட்டு 'நான் செய்யவில்லை' என்று சொல்ல முடியுமா, தகவல் கசியுமா, சேவையை முடக்க முடியுமா, இல்லாத உரிமையை எடுத்துக்கொள்ள முடியுமா. மைக்ரோசாஃப்டில் 1999-ல் உருவான ஸ்ட்ரைட் முறை இதுதான். பழசு என்று ஒதுக்காதீர்கள். இன்றும் பெரும்பாலான டிசைன் மீட்டிங்குகளில் இதைவிட வேகமாக ஓட்டையைக் காட்டும் கருவி கிடையாது.

இந்த ஆப்பில் அந்த ஆறு கேள்வியும் எதைக் கிளப்பும்? மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கடன் எண். ஆப் தன் கடன் எண்ணை அனுப்பி விவரம் கேட்கிறது. அந்த எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றி அனுப்பினால் பக்கத்து வாடிக்கையாளரின் விவரம் வந்துவிடுமா? ஏபிஐ பாதுகாப்புக்கு ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் பத்து ஆபத்துகளின் பட்டியலில், 2019 பதிப்பிலும் 2023 பதிப்பிலும் முதலிடம் இதற்குத்தான். ஃபயர்வாலுக்கு இது தெரியவே தெரியாது; போர்ட் 443, முறையான லாகின், முறையான வேண்டுகோள். "இந்த எண் இந்த ஆளுடையதுதானா" என்று ஒவ்வொரு அழைப்பிலும் சர்வரே சரிபார்க்க வேண்டும் என்பதை டெவலப்பருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபயர்வால் பின்னணியிலிருந்து வருபவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது, அதனால்தான் முதலில் சொன்னேன்.

இரண்டு, வெண்டரிடமிருந்து வரும் செய்தி. "இவருடைய அடையாளம் சரிபார்க்கப்பட்டது" என்று வெண்டரின் சர்வர் நம் ஏபிஐக்குச் சொல்கிறது. அதே செய்தியை வேறொருவன் அனுப்பினால்? வெண்டரின் ஐபியை மட்டும் அனுமதிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வெண்டர் பொதுக் கிளவுடில் இருந்தால் அந்த ஐபி நாளை வேறு ஒருவருக்குப் போகலாம். செய்தியோடு ரகசியச் சாவியால் போட்ட கையொப்பம் வர வேண்டும். அந்தக் கையொப்பத்துக்குள்ளேயே நேரமும் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய செய்தியும், ஏற்கெனவே வந்த எண்ணுள்ள செய்தியும் தள்ளப்பட வேண்டும். இல்லையென்றால் பழைய செய்தியையே பிடித்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றலாம்.

மூன்றாவதுதான் பெரியது. கடனுக்கு 'ஆம்' சொல்லும் பகுதியும் பணத்தை அனுப்பும் பகுதியும் ஒன்றையொன்று எவ்வளவு நம்புகின்றன? இதற்குப் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். 2018 ஆகஸ்ட் 11 அன்று 28 நாடுகளில் ஏடிஎம்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் பணம் எடுக்கப்பட்டது. 13-ஆம் தேதி ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கு இடையிலான சர்வதேசச் செய்தி வலை) வழியாக ஹாங்காங்குக்கு இன்னொரு தொகை போனது. மொத்தம் 94 கோடி ரூபாய்க்கும் மேல். ஏடிஎம்மிலிருந்து வரும் வேண்டுகோள், அதை வழிநடத்தும் ஸ்விட்ச் வழியாக, வங்கியின் கணக்குகள் இருக்கும் கோர் பேங்கிங் சிஸ்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும், 'இவர் கணக்கில் பணம் இருக்கிறது, கொடுக்கலாம்' என்ற பதில் அங்கிருந்து வர வேண்டும். நடுவில் ஒரு போலி ஸ்விட்ச் உட்கார்ந்து, கேள்வியை உள்ளேயே விடாமல் தானே 'கொடுக்கலாம்' என்று பதில் சொன்னது. வாடிக்கையாளர் கணக்கு எதிலும் ஒரு பைசா குறையவில்லை. குறைந்திருந்தால் குறுஞ்செய்தியாவது போயிருக்கும்.

இதில் ஆர்கிடெக்ட்டுக்கு உள்ள பாடம் 'இன்னும் ஒரு ஃபயர்வால் வாங்கு' என்பதாக இருக்க முடியாது. வெளியே போன பணத்தையும் உள்ளே எழுதிய கணக்கையும், அந்த ஸ்விட்சைத் தொடாத வேறு வழியில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். ஒரே கார்டு பல நாடுகளில் அடுத்தடுத்து உரசப்பட்டால் தானாக நிற்கும் உச்சவரம்பு வேண்டும். நம் கடன் ஆப்புக்கும் அதுவேதான்: ஒப்புதல் தரும் சர்வருக்குப் பணம் அனுப்பும் சாவி இருக்கக்கூடாது, அனுப்பும் சர்வர் தனக்கு வந்த ஒப்புதலின் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் நகரக்கூடாது, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை லட்சத்துக்கு மேல் போனால் மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும். வங்கிக்காரர்கள் காலங்காலமாக ஒருவர் எழுதி இன்னொருவர் சரிபார்ப்பது என்று வைத்திருக்கிறார்களே, அதைத்தான் மென்பொருளுக்குச் சொல்கிறோம். 1975-ல் சால்ட்சர், ஷ்ரோடர் இருவரும் எழுதிய பாதுகாப்பு வடிவமைப்பின் எட்டுக் கொள்கைகளில் இதற்கும் ஓர் இடம் உண்டு. அந்த எட்டையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலாக ஒப்பிப்பதற்காக இல்லை, ஒரு டிசைன் ஏன் உறுத்துகிறது என்று உங்களுக்கே பெயர் சொல்லத் தெரிவதற்காக.

இதற்கப்புறம் தேவைகளை எழுதுவது. இங்கேதான் நல்ல ஆர்கிடெக்ட்டும் சுமாரானவரும் பிரிகிறார்கள். "வலுவான அங்கீகாரம் வேண்டும்", "லாக் முறையாகப் பராமரிக்கப்பட வேண்டும்" என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள், ஆடிட்டில் எல்லாரும் 'செய்துவிட்டோம்' என்பார்கள். அளவு சொல்ல வேண்டும். ஆக்சஸ் டோக்கன் (லாகின் செய்தவருக்குக் கிடைக்கும் தற்காலிக அனுமதிச் சீட்டு) 15 நிமிடத்தில் காலாவதியாகும். நிர்வாகிகள் நுழைய ஓடிபி போதாது, வன்பொருள் சாவி வேண்டும். இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையில் 1.2-க்குக் கீழே இணைப்பு கிடையாது. ஒரு ஃபோனிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை வேண்டுகோள், அதற்கு மேல் மறுப்பு.

லாக்கை, அதாவது சிஸ்டத்தில் நடப்பவற்றின் பதிவை, எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கடிகாரங்கள் அரசு நேர சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும். சரி, 180 நாள் என்றால் எவ்வளவு இடம்? நொடிக்கு 2,000 பதிவு, ஒரு பதிவு 500 பைட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 86.4 ஜிபி, 180 நாளைக்கு ஏறத்தாழ 15.5 டிபி. சுருக்கினால் குறையும், தேடுவதற்கான இண்டெக்ஸ் சேர்த்தால் கூடும். முதல் 30 நாளை வேகமான சேமிப்பிலும் மீதியை மலிவான சேமிப்பிலும் வைக்கலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் 'எல்லா லாக்கையும் அனுப்புங்கள்' என்ற ஆர்கிடெக்ட்டால் மூன்றாம் மாதம் பில் எகிறும். அப்போது நிதிப் பிரிவு ஏதாவது ஒரு லாக்கை நிறுத்தச் சொல்லும், நிறுத்தப்படுவது பெரும்பாலும் நமக்கு வேண்டிய லாக்காகவே இருக்கும்.

முடிவுகளை ஒரு பக்கக் குறிப்பாக எழுதுவது இந்த வேலையின் உயிர்நாடி. சூழ்நிலை என்ன, எந்த மூன்று வழிகளை யோசித்தோம், எதை ஏன் எடுத்தோம், எடுத்த பிறகும் மிச்சமிருக்கும் ஆபத்து என்ன, அதை ஏற்றுக்கொண்டவர் யார், எப்போது திரும்பப் பார்ப்போம். இவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து, எல்லாரும் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, 'இதை ஏன் இப்படி வைத்தார்கள்' என்று ஒருவர் கேட்கும்போது இந்தத் தாள் பேசும்.

ஏற்றுக்கொண்டவர் யார் என்பதில் ஒரு நுணுக்கம். ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் ஆர்கிடெக்ட்டுக்கு இல்லை. பழைய சர்வர் ஒன்று டிஎல்எஸ் 1.0 தவிர வேறெதையும் பேசாது, மாற்ற ஒன்பது மாதம் ஆகும் என்கிறார்கள். நீங்கள் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டால் அது உங்கள் தலையில். விலக்கு கேட்டுத் தொழில் பிரிவுத் தலைவர் கையெழுத்திட வேண்டும். அந்தச் சர்வரைத் தனி விலானில் (நெட்வொர்க்கின் தனிப் பகுதியில்) ஒதுக்கி ஒரே ஐபியோடு மட்டும் பேசவிடுவது போன்ற இடைக்கால ஏற்பாட்டை நீங்கள் எழுத வேண்டும். 90 நாளில் விலக்கு தானாகக் காலாவதியாக வேண்டும். தேதி போடாத விலக்குதான் பிறகு நிரந்தரமாகிவிடுகிறது. உங்கள் ஃபயர்வாலிலேயே 'தற்காலிகம்' என்று கமெண்ட் போட்ட பழைய ரூல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், புரியும்.

இனி விளம்பரக் குழப்பத்துக்கு வருகிறேன். ஒரே பெயரில் குறைந்தது நான்கு வேலைகள் புழங்குகின்றன.

நிறுவனம் முழுமைக்குமான ஆர்கிடெக்ட் திட்டங்களுக்கு மேலே நின்று, எல்லாரும் பின்பற்றும் மாதிரி வடிவங்களையும் தரநிலைகளையும் எழுதுவார், மூன்று வருடத்தில் எதை மாற்றுவது, எதை நிறுத்துவது என்று சிஐஎஸ்ஓவோடு (தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி) உட்காருவார். தீர்வு ஆர்கிடெக்ட் மேலே சொன்ன கடன் ஆப் மாதிரி ஒவ்வொரு திட்டமாகப் பார்ப்பார். துறை ஆர்கிடெக்ட் என்பவர் கிளவுட், அடையாள மேலாண்மை, நெட்வொர்க், அப்ளிகேஷன், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்பு என ஒன்றில் ஆழமாக இருப்பார். நான்காவது ப்ரீசேல்ஸ்: டெண்டருக்குப் பதில் எழுதி, வாடிக்கையாளருக்குத் தீர்வை விளக்கி, விலை போட உதவுவது. மரியாதையான வேலைதான், ஆனால் நீங்கள் வடிவமைத்தது ஓடுகிறதா என்று பார்க்கும் வாய்ப்பு குறைவு.

விளம்பரத்தில் 'டிசைன் ரிவ்யூ', 'த்ரெட் மாடலிங்', 'ரெஃபரன்ஸ் ஆர்கிடெக்சர்' என்ற சொற்கள் வந்தால் அசல். 'ஆர்எஃப்பி' (டெண்டர் அழைப்பு), 'பிட்' என்று வந்தால் ப்ரீசேல்ஸ். 'எல்3 டிக்கெட்', '24 மணி நேர ஷிஃப்ட்', 'ரூல் மேனேஜ்மென்ட்' என்று வந்தால் இன்ஜினியருக்கு ஆர்கிடெக்ட் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சம்பளம் கூட்டிக் கொடுக்க ஹெச்ஆருக்கு வேறு வழி தெரியாதபோது இப்படி நடக்கும். அதுவும் தப்பில்லை, தெரிந்து போனால் சரி.

பக்கத்து வேலைகளோடு எல்லை எங்கே என்றும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். இன்ஜினியர் கட்டி, ஓட்டி, உடைந்தால் சரிசெய்வார். எஸ்ஓசி (பாதுகாப்புக் கண்காணிப்பு மையம்) ஆட்கள் கண்காணிப்பார்கள். பென்டெஸ்டர் கட்டியதை உடைத்துப் பார்ப்பார். ஜிஆர்சி பிரிவு விதி, ஆடிட், ஆபத்துப் பதிவேடு பார்க்கும். ஆர்கிடெக்ட் இவர்கள் எல்லாரிடமும் வாங்கித்தான் வேலை செய்ய முடியும். குறிப்பாக எஸ்ஓசியில் மாதம் ஒருமுறையாவது போய் உட்காராத ஆர்கிடெக்ட் வரைவது கற்பனை.

உங்கள் பின்னணியில் பலமும் உண்டு, பள்ளமும் உண்டு. ஃபயர்வால் பார்த்தவருக்கு எது எதோடு பேசுகிறது என்பது விரல்நுனியில் இருக்கும். பல ஆர்கிடெக்ட்டுகளிடம் இல்லாத சொத்து அது. பள்ளம் என்னவென்றால், ஐபியை அடையாளமாக நம்பிப் பழகியிருப்பீர்கள். கிளவுடில் எல்லை என்பது ஐபியில் இல்லை, ஒரு ரோலுக்கு (சர்வரோ ஆளோ ஏற்கும் பாத்திரத்துக்கு) என்ன உரிமை கொடுத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது இதற்கு நேரடிப் பாடம். தவறாக அமைத்த வெப் அப்ளிகேஷன் ஃபயர்வாலை ஏமாற்றி, கிளவுட் சர்வர் தனக்குள்ளேயே கேட்கும் மெட்டாடேட்டா முகவரியிலிருந்து தற்காலிகச் சாவியை எடுத்தார்கள். அந்தச் சாவிக்குரிய ரோல், சேமிப்புப் பெட்டிகளைப் பட்டியலிடவும் படிக்கவும் அனுமதி வைத்திருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 10.6 கோடிப் பேரின் தகவல் போனது. அடுத்த வருடம் கண்காணிப்பு அமைப்பு விதித்த அபராதம் 8 கோடி டாலர். ஒரு ஃபயர்வாலுக்கு எதற்கு வாடிக்கையாளர் கோப்புகளைப் படிக்கும் உரிமை? டிசைன் மீட்டிங்கில் ஒருவர் கேட்டிருந்தால் திருட்டு வாசலிலேயே நின்றிருக்கும்.

எனவே அடுத்த மூன்று மாதம் அடையாளத்தைப் படியுங்கள். நிறுவனத்தின் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி, லாகினையும் அனுமதியையும் கையாளும் நெறிமுறைகளான கெர்பராஸ், சாம்ல், ஓஆத் 2.0, ஓபன்ஐடி கனெக்ட். ஒரு டோக்கனை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் நிர்வாகக் கணக்குகளை ஏன் அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருள்) எப்படி ஒரே இரவில் பரவுகிறது என்பதும் புரிந்துவிடும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீம்பொருள் தாக்கியபோது மர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கண்ட்ரோலர் சர்வர்கள் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்ததால் ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்று நினைத்திருந்தார்கள். எல்லாம் சேர்ந்தே போகும் என்று யோசிக்கவில்லை. கானாவில் மின்சாரம் போனதால் தற்செயலாக அணைந்து கிடந்த ஒன்று மட்டும் பிழைத்து, அதிலிருந்து மீண்டார்கள். நகலும் பேக்கப்பும் வேறு வேறு. பேக்கப் சர்வர் அதே டொமைனில் சேர்ந்திருந்தால், டொமைன் அட்மின் சாவியைப் பிடித்தவனுக்கு பேக்கப்பையும் அழிக்க முடியும். எந்த டிசைனைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டிய ஓட்டைகளில் இது ஒன்று.

அதே சமயத்தில் கையிலிருக்கும் வேலையையே பயிற்சிக் களமாக்குங்கள். நீங்கள் பார்க்கும் ஃபயர்வாலில் 90 நாளாக ஒருமுறைகூட அடிபடாத ரூல்களை எடுங்கள். வருடக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகள் இருக்கும், அதனால் உடனே அழிக்காமல் உரியவரிடம் கேளுங்கள். மீதி ரூல்களை மண்டலம் வாரியாகத் தொகுத்து, எந்த மண்டலத்திலிருந்து எதற்கு எந்த நெறிமுறையில் போகலாம் என்று ஒரே பக்க அட்டவணை போடுங்கள். அந்த அட்டவணைக்குள் அடங்காத ரூல்கள்தான் கேள்வி கேட்கப்பட வேண்டியவை. இதை உங்கள் வாடிக்கையாளரிடம் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் செய்த முதல் ஆர்கிடெக்ட் வேலை அதுவாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளரின் படங்களையோ ரூல்களையோ இன்டர்வியூவில் காட்டாதீர்கள், சொந்த லேப்டாப்பில்கூட வைக்காதீர்கள். காட்டுவதற்கு வேண்டுமென்றால் ஓவாஸ்பின் ஜூஸ் ஷாப் மாதிரி பயிற்சிக்கென்றே வெளியிட்ட ஆப்பை எடுத்து அதற்கு டேட்டா ஃப்ளோ படமும் ஆபத்துப் பட்டியலும் இரண்டு முடிவுக் குறிப்பும் எழுதி வையுங்கள்.

புரோகிராமிங் பற்றி: எழுதத் தெரிய வேண்டும் என்பதைவிடப் படிக்கத் தெரிய வேண்டும். கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதி வைக்கும் டெராஃபார்ம் கோப்பைத் திறந்து எந்தச் சேமிப்புப் பெட்டி பொதுவெளியில் திறந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால், நூறு வரியில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். அப்ளிகேஷன் பக்கம் ஆர்கிடெக்ட் ஆவதென்றால் மட்டும் இது போதாது.

சான்றிதழில் முதலில் சிஐஎஸ்எஸ்பி (தகவல் பாதுகாப்பு முழுவதையும் தொடும் பொதுச் சான்றிதழ்). அறிவைவிட ஹெச்ஆர் வடிகட்டியைத் தாண்டுவதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். அதன் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். உங்கள் எட்டு வருடத்தில் அது வந்துவிடும். தேர்வு மூன்று மணி நேரம், 100 முதல் 150 கேள்வி, ஆயிரத்துக்கு 700 எடுக்க வேண்டும். ஃபயர்வால் ஆட்கள் தோற்பது தொழில்நுட்பக் கேள்வியில் இல்லை. 'முதலில் என்ன செய்வீர்கள்' என்ற கேள்விக்குக் கை தானாக 'போர்ட்டை மூடு' என்று போய்விடும். அவர்கள் எதிர்பார்ப்பது மேலாளரின் பதில். அடுத்து, உங்கள் வாடிக்கையாளர் எந்தக் கிளவுடில் இருக்கிறாரோ அதன் பாதுகாப்புச் சான்றிதழ். மைக்ரோசாஃப்ட் என்றால் எஸ்சி-100 நேரடியாக ஆர்கிடெக்ட்டுக்கானது, ஆனால் அதற்கு முன் அவர்களுடைய அசோசியேட் நிலைச் சான்றிதழ் ஒன்று வேண்டும். பாதுகாப்பு ஆர்கிடெக்சருக்கான சாப்சா நல்ல சிந்தனை முறை, பயிற்சிக் கட்டணம் அதிகம், நிறுவனம் கொடுத்தால் போங்கள். நிறுவன ஆர்கிடெக்சருக்கான டோகாஃப் என்பது மற்ற ஆர்கிடெக்ட்டுகள் பேசும் மொழி புரிவதற்கு மட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காசில்லாமல் கிடைக்கும் அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட்டின் 800-207 ஆவணத்தைப் படித்துவிடுங்கள். 2020-ல் வந்தது, ஐம்பது சொச்சம் பக்கம்தான். ஜீரோ டிரஸ்ட் (உள்ளே இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாத அணுகுமுறை) என்ற சொல்லை வெண்டர்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பது அதைப் படித்த பிறகு தெரியும்.

மீட்டிங்? ஆம், பாதி நாள் போகும். அது பிடிக்காது என்றால் இந்த வேலை வேண்டாம். மீதிப் பாதி எழுதுவதில் போகும்.

இன்டர்வியூவில் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விதான் வரும்: "5,000 வெளி ஏஜென்சி ஆட்கள் நம் சிஸ்டத்துக்குள் வர வேண்டும், எப்படி வடிவமைப்பீர்கள்?" உடனே கருவிகளின் பெயர்களை அடுக்க ஆரம்பிப்பவர் அங்கேயே போய்விடுவார். அவர்கள் எந்த அப்ளிகேஷனைத் தொடுவார்கள், சொந்தக் கணினியா நிறுவனக் கணினியா, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஏஜென்சி எத்தனை நாளில் நமக்குச் சொல்லும், கடவுச்சொல் மறந்தவருக்கு ஹெல்ப்டெஸ்க் எதைப் பார்த்து மாற்றிக் கொடுக்கும் என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். எவ்வளவு வலுவான எம்எஃப்ஏ (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பு) போட்டாலும், ஃபோனில் அழைத்து 'நான்தான்' என்றால் மாற்றிக் கொடுத்துவிடும் ஹெல்ப்டெஸ்க் இருந்தால் அது வாசலில் சிங்கப் பூட்டும் கொல்லையில் படலும்தான்.

மேலாளருக்குப் பதில் சொல்லும் முன் அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். டிசைனில் பெரிய ஓட்டை இருந்தால் வெளியீட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இந்த இடத்துக்கு உண்டா, இல்லாவிட்டால் யாரிடம் எடுத்துப் போவது? திட்டத்தின் எந்தக் கட்டத்தில் என்னைக் கூப்பிடுவார்கள்? வெளியீட்டுக்கு முந்தின வாரம்தான் என்றால் உங்கள் வேலை வெறும் கையெழுத்து போடுவது. மூன்றாவது, ஃபயர்வால் டிக்கெட்டுகளை யார் பார்ப்பார்கள்? "கொஞ்ச நாளைக்கு அதையும் நீயே பார்த்துக்கொள்" என்று பதில் வந்தால், அந்தக் கொஞ்ச நாளுக்கு ஒரு தேதியை மின்னஞ்சலில் வாங்கிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.